உறிஞ்சிக் குடித்த சாம்பார்

“ஒருத்தன் நல்லவனான்னு எப்படி மிஸ் கண்டுபிடிக்கிறது?” என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி முன்பு கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்று காலை லிங்கராஜபுரத்தில், நின்றுகொண்டு சாப்பிடும் ஓட்டலில், என் மேசைக்கு ஒரு புதுக் காதல் ஜோடி வந்தது.

இட்லி முடிந்ததும் அந்தப் பெண் கிண்ணத்தைத் தூக்கி, மிச்ச சாம்பாரைச் சத்தமாக உறிஞ்சினாள்.

“ஏய், ஆபீஸ் ஆளுங்க பாக்கறாங்க. மானத்த வாங்காத!”

அவன் ஓங்கித் தட்டியதில் கிண்ணத்தின் விளிம்பு பட்டு அவள் உதடு கிழிந்தது. ரத்தம் சொட்டியது. அவன் தன் சட்டையைத்தான் துடைத்தான்.

நான் என் கிண்ணத்தை எடுத்து இன்னும் சத்தமாக உறிஞ்சினேன். “என்னையும் அடிப்பியா தம்பி?”

“வாடி, போலாம்” என்றான் அவளிடம்.

“நீ போ. நான் இன்னொரு சாம்பார் வாங்கணும்.”

புதிதாகக் காதலிப்பவர்களே, நாளைக்கே சாம்பாரை உறிஞ்சிக் குடித்துப் பாருங்கள்.