கல்மீனும் அத்தையின் பானையும்

‘பேலியோனிஸ்கஸ் வகை. கதிர்த்துடுப்பு மீன். இனம் அழிந்துவிட்டது.’

நான்காம் வகுப்பில் நான் வரைந்த மீன் படத்தின் பின்னால் இப்படி எழுதியிருக்கிறேன். கீழே மாசி என்று மட்டும் இருக்கிறது. தேதியும் ஆண்டும் இல்லை.

அது கொடைக்கானலில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் இருந்த கல்மீன், கல்லாகிப்போன பழங்கால மீன். வில்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், அங்கே கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்கும் வேலை பார்த்தாள் அத்தை. அப்பாவின் தங்கை. கன்னிவாடியில் கட்டிக்கொடுத்தவள், பிறந்த குழந்தை இறந்ததும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். புருஷன் வீட்டார் திரும்பக் கூப்பிடவும் இல்லை, முறைப்படி உறவை அத்துவிடவும் இல்லை.

விடுமுறையன்று என்னையும் அழைத்துப் போனாள். புது அட்டை எழுத வந்திருந்த கல்லூரி அண்ணன் ஒருவர் மீனின் பழைய பெயர் அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குத் தம்பி கழட்டுறீங்க?” என்று கேட்டாள் அத்தை.

“இது ஒரு குடும்பமே இல்லக்கா. செதில் ஒண்ணுபோல இருக்குன்னு, எங்க வைக்கிறதுன்னு தெரியாத பழைய மீனையெல்லாம் இந்தப் பேருல போட்டு வச்சுட்டாங்க. பிரிச்சுப் பார்த்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கிளை.”

“அப்ப இது எந்தக் கிளை?”

“இன்னும் முடிவாகல. அதுவரைக்கும் தனியா வச்சிருப்போம்.”

“பாவம், செத்தும் எடம் கெடைக்கல” என்று அத்தை சிரித்தாள்.

அந்த வாரமே எங்கள் குலசாமிக்குப் பொங்கல். பானைகளைப் பங்காளிகளின் மூப்பு வரிசையில்தான் வைப்பார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணின் பானை புருஷன் வீட்டு வரிசையில் சேரும். குழந்தை இறந்து ஒரு வருஷம் நிறைந்ததால் அதன் பேரில் பொங்கி வைக்க வேண்டும் என்று அத்தை, அம்மாவின் அடுப்பை ஒட்டிக் கல் கூட்டினாள்.

பெரியப்பா வந்தார். “ஏ புள்ள, ஒம்பானை இங்க ஆகாது. அத்துவிடாத வரைக்கும் நீ அவுக ஆளு.”

“அவுக என்னைய வாசல்லயே விடலையேண்ணே. எம்பிள்ளைக்கு நான் எங்க போயிப் பொங்க?”

அப்பா குனிந்து அம்மாவின் அடுப்பில் விறகைத் தள்ளினார். எனக்கோ விடை தெரிந்திருந்தது. “முடிவாகிற வரைக்கும் தனியா வச்சிருக்கலாம் பெரியப்பா!” என்றேன்.

கூட்டமே சிரித்தது. “அடி ஆத்தி, வக்கீலம்மா!” என்று பெரியப்பா என் தலையைத் தடவினார். அத்தையின் பானை வரிசையைத் தாண்டி, வண்டிகள் நிற்கும் பக்கம் போனது. எல்லோருக்கும் நிம்மதி. அத்தை என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே மறைப்பு இல்லாததால் அவள் அடுப்பு காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது. பொங்கி இறக்கும்வரை வரிசையை விட்டு எழக்கூடாது என்பதால் யாரும் எழவில்லை. சித்திரையில் திருப்பூர் மில்லுக்கு வேலைக்குப் போனவள் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

அவள் கேட்டது தனி இடம் அல்ல, அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்து இடம். அது அன்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தைக்காக வைத்த அந்தப் பானை பொங்கியதா என்று இப்போது வீட்டில் விசாரித்தேன். பொங்கியது என்கிறாள் அம்மா. ஈர விறகு, பொங்கவேயில்லை என்கிறார் அப்பா. எது சரி என்று என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.