பன்னிரண்டு வோல்ட்டும் நானூற்று நாற்பதும்

இந்த டெஸ்டர் என்னிடம் வந்து நாற்பது வருஷம் ஆகிறது. கைப்பிடி வெளுத்துவிட்டது. உள்ளே இருக்கும் அரிசி மணி அளவு பல்பு மட்டும் கரண்டைத் தொட்டால் இன்னும் சிவக்கிறது. காலையிலிருந்து அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இது என் நாத்தனாருடையது. மத்தியான பஸ்ஸில் அவள் வருகிறாள்.

அவள் சென்னையில் ரேடியோ கம்பெனியில் ஈயப்பற்று வைக்கிற வேலை பார்த்தவள். கம்பெனி மூடியதும் உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊருக்கே வந்துவிட்டாள். அந்தக் கோடையில் கிணறு வற்றியது தெரியாமல் ஓடி எங்கள் மோட்டார் கருகியது. மறுபடி அப்படி ஆகாதிருக்க ஒரு பெட்டி செய்தாள். அதிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகள் கிணற்றுத் தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீர் கம்பியை விட்டு இறங்கினால் மோட்டார் தானே நின்றுவிடும். பெட்டிக்குப் பன்னிரண்டு வோல்ட்தான். மோட்டார் ஸ்டார்ட்டருக்கோ நானூற்று நாற்பது. இரண்டுக்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் ரிலே என்று ஒன்று, 'டிக்' என்று சத்தம் போடும்.

"இது எதுக்குமே நடுவுல? ரெண்டையும் நேரா முடிஞ்சு வுட்டா ஆவாதா?" என்று கேட்டேன்.

"நீ எங்க நைனா கிட்ட நேரா பேசுறியா அண்ணி? எங்கிட்ட சொல்ற, நான் போய்ச் சொல்றேன். இதுவும் அப்பிடித்தான். அந்தப் பக்கத்துக் கரண்டு இந்தப் பக்கம் வந்துச்சுன்னா அவ்ளோதான்."

மாமனார் எதிரில் நான் வாய் திறந்ததில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அது. ஆனால் ஃபியூஸ் போனால் நானே கம்பி கட்டுகிறவள். அவள் எனக்குச் சொல்லிக் கொடுப்பது பிடிக்கவில்லை.

சொர்ணவாரிப் பட்டத்து நெல் நாற்று வெயிலில் சுருண்டுகொண்டிருந்த ஒரு காலையில் ரிலே சத்தமே போடவில்லை; மோட்டாரும் கிளம்பவில்லை. வேறு வாங்கிவர நாத்தனார் உத்திரமேரூருக்குக் கிளம்பினாள். "வர்ற வரைக்கும் தொடாத அண்ணி" என்று சொல்லித்தான் போனாள். பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. எப்போது போகுமோ தெரியாது. நாற்றங்காலுக்கும் மோட்டார் கொட்டகைக்குமாக நாலு நடை நடந்தேன். பிறகு மெயினை இறக்கி, ரிலேயைப் பிடுங்கி, இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, மெயினைத் தூக்கினேன். மோட்டார் ஓடியது. ஏதோ கருகிய வாசனை. கிரீஸ் என்று நினைத்து, பெருமையாக மடை திருப்பப் போனேன்.

வரப்பிலிருந்து பார்த்தபோது, உத்திரமேரூரிலிருந்து திரும்பிவிட்ட நாத்தனார் கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் கால் வைத்து நின்று கம்பி முனையின் பாசியைத் துடைப்பது அவள் தினமும் செய்கிற வேலை. நான் முறுக்கிய கம்பி வழியாக மோட்டார் கரண்ட் கிணற்றுத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடினேன். தண்ணீருக்கு ஒரு படி மேலே நின்றிருந்தாள். ஒரு தவளை வயிறு மேலாக மிதந்தது. கம்பியில் வைத்த டெஸ்டர் சிவந்திருந்தது.

"அண்ணி, மெயின இறக்கு" என்றாள், சத்தம் போடாமல்.

இறக்கினேன். மேலே வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா அண்ணி, எங்கிட்டயும் நேரா பேச மாட்டியா? தவளைய வுட்டுச் சொல்லி அனுப்புற." சிரித்தாள்.

சாயங்காலம் பெட்டி ஏன் கருகியது என்று மாமனார் கேட்டபோது, தானே கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். "பொட்டச்சி கம்பி புடிச்சா இப்பிடித்தான்" என்று பெட்டியைக் குப்பைமேட்டில் எறிந்தார். கதவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். நான் செய்தது என்று சொல்ல வாய் வரவில்லை. வழக்கம் என்று அன்று நினைத்துக்கொண்டேன். வழக்கம் இல்லை, வீம்பு. அவள் அதற்குப் பிறகு ஈயத்தைத் தொடவே இல்லை. கல்யாணமாகிப் பெருநகர் என்ற பக்கத்து ஊருக்குப் போகும்போது டெஸ்டரை என் கையில் வைத்து, "தொடறதுக்கு முன்ன வெச்சுப் பாரு" என்றாள்.

எத்தனையோ கல்யாணம், காரியம் என்று பார்த்துக்கொண்டோம். என் தப்புதான் என்று ஒரு தடவையும் அவளிடம் சொல்லவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் போய்ச் சொல்ல இப்போது யாரும் இல்லை. இதற்குள் மூன்று தடவை ரோடு வரை போய்த் திரும்பிவிட்டேன். அவள் கையில் கொடுப்பதற்கு முன் டெஸ்டரைப் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். சிவந்தது. பஸ் சத்தம் கேட்கிறது.