கலைமணியின் காய்த்தண்ணி

ஆள்காட்டி விரலைப் பாட்டிலுக்குள் விட்டுத் துழாவி எடுத்து, சந்தைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, நாக்கில் தடவிக்கொள்கிறார் கலைமணி. முகம் எட்டுக் கோணலாகப் போகிறது. கண்ணில் தண்ணீர் கட்டுகிறது. காறித் துப்பிவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார்: "கசப்புதானுங்க. வெசமில்லீங்க. உங்கூட்டுப் பவுடர இப்பிடி நாக்குல வெச்சுக் காட்டுங்க பாக்கலாம்!"

"அட கருமமே!" என்று கன்னத்தில் கை வைக்கிறாள் ஒருத்தி. துணி துவைக்கிற தண்ணீரை ஒரு மனுஷி நக்கிக் காட்டினால் வேறு என்னதான் சொல்வது? ஆனால் அதிர்ந்து நின்ற அதே ஆள்தான் அடுத்த நிமிஷம் பாட்டிலை வாங்கி மோந்து பார்க்கிறாள். புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் கலைமணிக்கு வாடிக்கை சேர்ந்த விதம் இதுதான்.

பாட்டிலில் இருப்பது பூந்திக்கொட்டைத் தண்ணீர். கொட்டையை உடைத்து, விதையை எறிந்துவிட்டு, மேல்தோலை மட்டும் ஊறப்போடுவார். கொஞ்சம் சீயக்காயும் பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலும் சேர்த்து அண்டாவில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையாலேயே பிசைந்து, பழைய வேட்டியில் வடிகட்டினால் டீ நிறத்தில் இறங்கும். அதற்கு இயற்கை, மூலிகை என்று பெரிய பெரிய பெயரெல்லாம் அவர் வைக்கவில்லை. காய்த்தண்ணி. அவ்வளவுதான்.

பிறந்த வீடு சேலத்தில். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். வெள்ளிக் கொலுசுக்கு மெருகேற்றப் பட்டறை மூலையில் எந்நேரமும் ஒரு வாளியில் பூந்திக்கொட்டை ஊறிக்கொண்டிருக்கும். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து, பவுடரில் துவைத்துத் துவைத்து உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்துவிட்டது. சோற்றில் புளிக்குழம்பை ஊற்றிப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்ட காலம் உண்டு. களிம்பு தடவித் தடவி அலுத்துப்போன ஒரு நாளில்தான் பட்டறை வாளி ஞாபகத்துக்கு வந்தது. "வெள்ளியவே வெளுக்குது, வேட்டிய வெளுக்காதுங்களா?" என்று ஆரம்பித்தவர், இன்றுவரை நிறுத்தவில்லை.

வேட்டி வெளுத்ததா என்று கேட்டால் அவர் கணவர் குழந்தைவேலைத்தான் கேட்க வேண்டும். கோழிப்பண்ணையில் மேனேஜர். நல்ல மனிதர். ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும்போது பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ற வேட்டி எனக்கு முன்னாடியே டீ குடிச்சிட்டு வந்து நிக்குது" என்றார். கலைமணி அசரவில்லை. "கை நல்லாருக்குதில்ல? வேட்டி எக்கேடோ கெட்டுப் போவட்டும்" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அந்தக் கை இப்போது உண்மையிலேயே பூப்போல இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஆனாலும் இந்த அம்மாவின் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. யார் வீட்டுக்குப் போனாலும் கூடத்தில் உட்காருவதற்கு முன் துவைக்கிற கல்லைத்தான் போய்ப் பார்ப்பார். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் முந்தானையை அவளுக்குத் தெரியாமல் மோந்துவிட்டு, "நீலப் பாக்கெட்டுப் பவுடருதானுங்க?" என்பார். அந்தப் பெண் பதறிப்போய் எழுந்து வேறு இடத்துக்கு ஓடினாலும் இவருக்கு உறைக்காது. யார் என்ன சந்தேகம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "காய் தானுங்க, என்ன பண்ணும்?"

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு எதிர்த்தாற்போலவா அன்பரசு லாரி கழுவுகிற ஷெட்டைப் போட வேண்டும்! ஹைவேயில் போகிற லாரிகளை நிறுத்தி, கம்ப்ரஸரைப் போட்டு, ஷாம்பு நுரையை டயர் முதல் மூக்கு வரைக்கும் பீய்ச்சி அடிக்கிற தொழில். இடம் சாலம்மாளுடையது. தோட்டமும், வாடகைக்கு விட்ட அந்த ரோட்டோர ஷெட்டும், பின்னால் பண்ணைக்குட்டையும் அந்த அம்மாவுக்குச் சொந்தம். அன்பரசு வாடகையை முன்னே பின்னே கொடுத்தாலும், பையன் கள்ளம் கபடம் இல்லாதவன் என்று சாலம்மாளுக்கு அவன்மேல் ஒரு பிரியம். கலைமணிக்கோ அவனைக் கண்டாலே ஆகாது. "தம்பி, அத்தனையும் வெசம்டா சாமி" என்று நாள் தவறாமல் ரோட்டைக் கடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவார். அவனும் சிரித்துக்கொண்டே, "சரிங்க்கா, லாரிய உங்க காய்த்தண்ணியில கழுவிக் குடுங்க, நானும் நிறுத்திக்கறேன்" என்பான்.

போன சித்திரையில்தான் அது நடந்தது.

காய்த்தண்ணியில் ஒரு சங்கடம் உண்டு. வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துவிடும். மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே கிளம்பிப் போயிருந்ததால் வாங்க ஆளில்லை. காய்ச்சி வைத்த இரண்டு டிரம் தண்ணீரும் நுரைத்துப் பொங்கி நாற்றம் எடுத்துவிட்டது. கலைமணி யோசிக்கவே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் டிரம்மை ரோட்டுக்கு அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு போய்ச் சாலம்மாள் தோட்டத்து வாய்க்காலில் கவிழ்த்தார். தென்னைக்குப் பாயட்டும், நல்லதுதானே என்று நினைத்தார். ராத்திரி கோடை மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. தென்னங்குழி எல்லாம் நிரம்பி வழிந்தது.

விடிந்ததும் சாலம்மாள் போட்ட சத்தத்தில் கலைமணி தலையைக்கூட முடியாமல் ஓடினார். "ஐயோ என்ற கண்ணுகளா! என்ற கண்ணுகளா!" என்று அந்த அம்மா குட்டைக் கரையில் மாரில் அடித்துக்கொண்டு நின்றார். குட்டை முழுக்க மீன். கட்லாவும் ரோகுவும் கெண்டையுமாக, அத்தனையும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. தினமும் காலையில் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் உருட்டிப் போட்டு, பேர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டு வளர்த்தவை. ஆடி மாசம் பிடிக்கலாம் என்று வைத்திருந்தவை. போர்வெல் குழாய்த் தண்ணீர் விழுகிற மூலையில் மட்டும் கொஞ்சம் உயிரோடு வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றை வலையால் அள்ளிச் சிமெண்ட் தொட்டியில் போட்டார்கள்.

இப்படி ஒரு சாவைக் கலைமணி பார்த்ததே இல்லை. கரையோரம் வெள்ளையாக ஒதுங்கியிருந்த நுரை கண்ணில் பட்டதும் அந்தத் திகில் அப்படியே கோபமாகிவிட்டது.

"நுரையப் பாருங்கக்கா! நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டனே, கேட்டீங்களா? எல்லாம் அந்த ஷெட்டுத் தண்ணி!"

அந்த ஒரு சொல் போதாதா? கூடி நின்ற ஆட்கள் அப்படியே ஷெட்டுக்குத் திரும்பினார்கள். ஒருத்தர் கம்ப்ரஸர் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். இன்னொருத்தர் ஹோஸை இழுத்து ரோட்டில் வீசினார். பாதி நுரையோடு நின்ற லாரியின் டிரைவர் என்ன ஏது என்று புரியாமல் முழித்தார். சாலம்மாளுக்கு ஆவேசம். "என்ற சோத்துலயே மண்ணப் போட்டுட்டியேடா பாவி! இன்னைக்கே சாமானத் தூக்கிட்டுக் கெளம்பு. உன்ற மொகத்துலயே முழிக்க மாட்டேன்" என்றார்.

அன்பரசுக்கு வாய் குழறியது. "என்ற தண்ணி ரோட்டுக் காவாக்குப் போவுதுங்க்கா. குட்டை மேட்டுல இருக்குது. மேட்டுக்கு எப்பிடீங்க ஏறும்?" யாரும் காது கொடுக்கவில்லை. அவன் பார்வை கலைமணிமேல் வந்து நின்றது. "நேத்துப் பொழுதோட நீங்க ரெண்டு டிரம்மு கவுத்தீங்களே, அது எங்கீங்க போச்சு?"

கலைமணி சிரித்துவிட்டார். அவமானத்தில் வருகிற சிரிப்பு அது. "அடப் பாவி! உன்ற ஷாம்பும் என்ற காயும் ஒண்ணாடா? நான் நாக்குல வெக்கறதுடா அது! கொண்டாங்க ரெண்டு பக்கெட்டு. ரெண்டுலயும் ஆளுக்கொரு மூடி ஊத்தி, ஆளுக்கொரு மீன விட்டுப் பாத்துடலாம். எது வெசம்னு ஊரே பாக்கட்டும்!"

கேட்டது அவரேதான். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இரண்டு பிளாஸ்டிக் பக்கெட்டில் போர்வெல் தண்ணீர் பிடித்தார்கள். ஒன்றில் அன்பரசின் ஷாம்பு ஒரு மூடி. இன்னொன்றில், கலைமணி வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்த புதுக் காய்த்தண்ணி ஒரு மூடி. சாலம்மாள் தொட்டியிலிருந்து இரண்டு கெண்டையைப் பிடித்துப் பக்கெட்டுக்கு ஒன்றாக விட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அன்பரசின் பக்கெட்டைத்தான் எட்டிப் பார்த்தார்கள். கலைமணியும் அதைத்தான் பார்த்தார். அந்த மீன் தவிக்கத்தான் செய்தது. மேலே வந்து வாயைப் பிளந்தது, கீழே போனது, மறுபடியும் வந்தது. "பாத்தீங்களா!" என்று கலைமணி வாயெடுத்தார்.

"அம்மிணி, உன்றதப் பாரு" என்றார் லாரி டிரைவர்.

கலைமணியின் பக்கெட்டில் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாலை இரண்டு தரம் வெடுக்கென்று அடித்தது. நிமிரப் பார்த்தது. முடியவில்லை. மெதுவாகப் புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டது. அன்பரசின் மீன் அப்போதும் நிமிர்ந்துதான் நீந்திக்கொண்டிருந்தது.

என்ன கொடுமை இது! நுரைக்கிற எதுவும் மீனின் செவுளுக்கு ஆகாது, அது காயானாலும் ஷாம்புவானாலும் ஒன்றுதான் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அவர்தான் யாரைக் கேட்டார்? கலைமணி குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். பக்கெட்டிலிருந்து வந்த புளிப்பு வாடை, தினமும் தன் கையிலும் சேலையிலும் பாயிலும் வருகிற அதே வாடை, இன்று அவரையே மூக்கைப் பொத்த வைத்தது.

முதலில் பேசியது சாலம்மாள்தான். "அது குட்டையிலயே பாதி செத்த மீனா இருந்திருக்கும் கண்ணு. நீ எதுக்கு வெசனப்படற?" என்றார். "ஆமாமா, சாவற மீனு" என்றார் ஒயரைப் பிடுங்கியவர். "காய்த்தண்ணியில எங்கியாச்சும் மீன் சாவுமா?" என்றார் ஹோஸை வீசியவர். எத்தனை சுருக்கில் எல்லோரும் ஒத்துப்போய்விட்டார்கள்! கலைமணி ஊரில் வாழ்க்கைப்பட்டவர், நாலு பேருக்கு நல்லது சொல்கிறவர். அன்பரசு எங்கிருந்தோ வந்து ஷெட் போட்டவன். அவனுக்கும் அது புரிந்துவிட்டது. ரோட்டில் கிடந்த ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தான்.

கலைமணி லேசாகத் தலையை ஆட்டியிருந்தால் போதும். அன்றைக்குச் சாயங்காலமே அந்த ஷெட் காலியாகியிருக்கும். இத்தனை நாள் ரோட்டைக் கடந்து போய்க் கேட்டதும் அதைத்தானே? சந்தையில் காய்த்தண்ணிக்கும் ஒரு குறை வந்திருக்காது.

செத்த மீனை இரண்டு கையாலும் எடுத்துக் கரையில் வைத்தார் கலைமணி. அதே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சாலம்மாளிடம் போனார்.

"அக்கா, தொட்டியில இருக்கறதுலயே நல்ல துடியான மீனா ஒண்ணு, உங்க கையாலயே புடிச்சு இதுல போடுங்க."

"எதுக்குடி இப்ப?"

"போடுங்க்கா. அதுவும் செத்துச்சுன்னா குட்டையக் கெடுத்தது என்னோட தண்ணி. பொழைச்சுச்சுன்னா அவந்தண்ணி."

சாலம்மாள் தொட்டிக்குள் கை விட்டார். வெள்ளியாக மின்னிய ஒரு கெண்டை கையில் திமிறியது. பக்கெட் வரைக்கும் கொண்டு வந்தார். வந்தவர் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்து, மீனைத் தொட்டியிலேயே திரும்ப விட்டுவிட்டார்.

"போ கண்ணு, இதையும் எதுக்குக் கொல்லோணும்?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்த அன்பரசின் கை நின்றது.

"இவந்தண்ணி இல்லீங்க்கா" என்றார் கலைமணி. "நாந்தான்."

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். நின்றார். தென்னைப் பக்கம் திரும்பினார். அங்கிருந்தும் குட்டைக்குத்தான் சரிவு. ரோட்டுக் காவாயைப் பார்த்தார். அன்பரசு வந்து, "குடுங்க்கா" என்று கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. பக்கெட்டை இடுப்பில் அணைத்து, ஒரு சொட்டும் சிந்திவிடாதபடி அதன் வாயை முந்தானையால் இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டு, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நடுத்தோட்டத்தில் அப்படியே நின்றார்.