அத்தான் பார்க்கலாம் என்று சொன்ன தொடர்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். அதுவும் கோயில் கூடத்தில் நடந்த தமிழ்ப் பள்ளியில். எந்த இடத்தில் ஒற்று வரும், எந்த இடத்தில் வராது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். நடந்ததை முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிடுகிறேன் என்று வீட்டில் சிரிப்பதும் உண்டு. பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். அத்தானைப் பற்றி யாராவது எழுதி வைத்தால் தேவலை என்று தோன்றியது. அதற்கு வேறு ஆள் இல்லை, அதனால் நான்.

அத்தான் என்றால் என் அக்காள் வீட்டுக்காரர். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம் இல்லை. தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முக்காலியில் குந்தி, பேத்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அதுதான் வருகிறது. அவர் முதுகுக்குப் பின்னால் திரையில் ஒரு மனிதனின் முகத்தோல் பழத்தோல் மாதிரி உரிகிறது. உள்ளே ரத்தம் இல்லை, கம்பியும் சின்னச் சின்ன விளக்குமாக இருக்கிறது. நான் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளை மூடவில்லை. பதினோரு வயது. பாயில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. அத்தான் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பாக்கலாம். பிள்ளை தாங்கும்" என்றார்.

அவர் அப்படிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. ஆயுசில் பாதியை டவுனில் ஒரு சினிமாக் கொட்டகை வாசலில் நின்று டிக்கெட் கிழித்தே கழித்தவர் அவர். அந்தக் கொட்டகை இப்போது இல்லை. பேய்ப் படம், வெட்டுக்குத்துப் படம் வந்தால் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடுவதா வேண்டாமா என்று முதலாளி கவலைப்பட்டதில்லை, அத்தான்தான் பட்டார். வாசலை ஒட்டி, படத்தில் வரும் கோர முகத்தைப் பெரிதாக வரைந்த தட்டி ஒன்று நிற்கும். அப்பா அம்மாவோடு வருகிற பிள்ளையை அதற்கு நேரே நிறுத்தி, "இது யாரு, தெரியுமா?" என்று கேட்பார். பிள்ளையின் கை போய்ப் பெரியவர்களின் லுங்கியைப் பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பிடிக்காமல் நின்றால் டிக்கெட்டைக் கிழிப்பார். "கண்ணு பொய் சொல்லும், வாயும் பொய் சொல்லும். கை சொல்லாது" என்பது அவர் பேச்சு. தமிழர், முஸ்லிம்கள், பர்மாக்காரர் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். பர்மியத்தில் சித்தப்பாவுக்குச் சொல்கிற முறையில் எல்லோருக்கும் அவர் ஊலே. ஊலே வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நாங்கள் இருப்பது பர்மாவில், பபேடான் என்கிற பேட்டையில், மூன்றாம் மாடியில். அக்காள் போனபிறகு வீட்டில் அத்தான், நான், பிள்ளை மூன்று பேர். பிள்ளையின் அம்மா, அதாவது அத்தானின் ஒரே மகள், சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவள். பிள்ளையின் அப்பா வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

கரண்ட் முறை வைத்துத்தான் வரும். வந்ததும் தெரு முழுக்க "மீ லா பீ!" என்று பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்துக்குத் தயாராக, தெருமுனைப் போன் கடையில் குச்சி மாதிரி இருக்கிற ஒன்றில் படங்களை ஏற்றிக்கொண்டு வருவாள் பிள்ளை. அப்படித்தான் இந்தத் தொடரும் வந்தது. பேச்செல்லாம் இங்கிலீஷ், கீழே பர்மிய எழுத்து. என்னால் அந்த எழுத்தை ஓட்டமாகப் படிக்க முடியாது. பிள்ளைதான் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லுவாள். அவளுக்குப் பர்மியம்தான் சரளம், தமிழ் கொஞ்சம் இடறும்.

கதை என்னவென்றால், இன்னும் எத்தனையோ காலம் கழித்து நடப்பது. ஆட்கள் வேறு ஒரு கிரகத்துக்குச் சுரங்க வேலைக்குப் போகிறார்கள். போகிறவர்களின் முகம், குரல், ஞாபகம் எல்லாவற்றையும் வாங்கி ஒரு மெஷினுக்குள் வைத்து, அந்த மெஷினை அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது கம்பெனி. வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியாது. ஒரு பெண்பிள்ளை மட்டும், தன் அம்மா அம்மா இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடிக்கிறாள். இதற்கு நடுவே மெஷின்களைத் தேடிப்பிடித்து அறுக்கிற கூட்டம் ஒன்று. முகத்தோல் உரிந்தது அதில்தான்.

எதிர் வீட்டு டீச்சரம்மா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "ஊலே, இது பெரியவங்களுக்கு எடுத்தது. முன்னாடியே எழுதிப் போட்டிருக்கான், நீங்க பாக்கலயா?" என்று கேட்டார்.

"அவன் எங்கயோ உக்காந்து போடுறான், டீச்சரம்மா. இந்தப் பிள்ளை அவன் முன்னாலயா நிக்குது? என் முன்னால நிக்குது. திருவிழாவுல வாயில வேல் குத்தினவங்களப் பக்கத்துல போய்ப் பாத்துச்சு. அன்னிக்கு யாரும் தடுக்கலயே."

"அது சாமி, ஊலே. இது சினிமா."

"ரெண்டுலயும் கிழியறது மூஞ்சிதானே" என்றார் அத்தான். டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வாசலில் கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சரம்மா சொன்னபோது அது சரியாகப் பட்டது. அத்தான் சொன்னபோது இதுவும் சரியாகப் பட்டது. இரண்டு பேரும் என்னைக் கேட்கவில்லை, அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் பிள்ளை போனுக்கு வர மறுத்தாள். அத்தானின் மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் காட்டிப் பேசுவாள். இங்கே ஏதேதோ திருகினால்தான் இணைப்பு வரும், வந்தாலும் படம் பாதியில் நின்றுவிடும். வாய் திறந்தபடி முகம் உறைந்துவிடும், குரல் மட்டும் தகரத்தில் உருளுகிற மாதிரி கேட்கும். "சாப்பிட்டியா? படிச்சியா? தாத்தா சொல்றதக் கேக்கிறியா?" என்று அதே வரிசையில்தான் கேட்பாள் பாவம், அவளுக்கும் கேட்க வேறு என்ன இருக்கிறது? ஒரு ஞாயிறு பிள்ளை போனைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. கூப்பிட்டால், "நீங்களே பேசுங்க" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்களுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டதாக நினைத்தோம். திரையில் உறைகிற முகத்தைப் பார்த்து, அது அம்மா இல்லை, மெஷின் என்று பிள்ளை பயந்துவிட்டாள். வேறு என்ன இருக்கும்? அத்தான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, படம் ஏன் நிற்கிறது, இணைப்பு என்றால் என்ன என்று தனக்கே தெரியாததையெல்லாம் விளக்கினார். "அது உங்கம்மாதான்டா கண்ணு, மெஷின் கிடையாது" என்றார். பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள். நான் விபூதி போட்டுவிட்டேன்.

மகளுக்கு விஷயம் தெரிந்ததும் அந்தப் பக்கம் அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "அப்பா, நீங்க இன்னும் அந்த கேட்டை விட்டு வரலியா? கொட்டகையே இடிஞ்சு போச்சு, நீங்க இன்னும் டிக்கெட் கிழிச்சுக்கிட்டே இருக்கீங்க! என் பிள்ளை என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. நான் யாருக்காக இங்க கிடக்கிறேன்?" அத்தான் போனைக் கையில் பிடித்தபடி நின்றார். அவரை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

விஷயம் வெளியே வந்தது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற ஒரு காலையில். நான் பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். என் விரல்கள் இப்போது சரியாக மடங்குவதில்லை, பின்னல் கோணலாகத்தான் வரும். அத்தான் மாடி முகப்பில் நின்று, கீழே தொங்கும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து மாடிகளில் எல்லாம் அப்படி ஒரு கயிறு தொங்கும், கீழே கடைக்காரர் மாட்டிவிடுகிற பையை மேலே இழுத்துக்கொள்வோம். காலைச் சாப்பாட்டுக்கு மீன் சாறு ஊற்றிய மோகிங்கா மேலே வந்துகொண்டிருந்தது.

"சின்னம்மாயி, நீங்க எல்லாரும் நான் பயந்துட்டேன்னு நெனச்சீங்க" என்றாள் பிள்ளை, கண்ணாடியைப் பார்த்தபடியே.

"இல்லையா?"

"எனக்கு என்ன பயம்? அந்தக் கதையில மெஷின் அம்மா வீட்லயே இருந்துச்சு. காலையில அந்தப் பிள்ளைக்குத் தல பின்னி விட்டுச்சு. ஸ்கூல்ல கொண்டு போய் விட்டுச்சு. அம்மா கெளம்பி போனப்ப, எனக்கும் அந்த மாதிரி ஒண்ண விட்டுட்டு போயிருக்கலாம்ல? போன்ல இருக்கறது நெஜ அம்மான்னு எனக்குத் தெரியும். அதான் கோவம்."

பாதிப் பின்னலைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். முகப்பில் கயிறும் நின்றுவிட்டது. அத்தான் உள்ளே வந்தபோது பையில் பாதிச் சாறு கொட்டியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பிள்ளை போனபிறகு அவர் முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "அவ கை சும்மா இருந்துச்சுன்னு நான் தைரியம்னு நெனச்சேன். அவ கை போய்ப் பிடிக்க அங்க யாரு லுங்கி இருந்துச்சு?" கொஞ்சம் கழித்து, "கொட்டகையில எத்தனை பிள்ளைங்கள உள்ள விட்டிருப்பேன். பயத்த மட்டும்தான் பாத்தேன். ஆசைய எப்படிப் பாக்கிறது?" என்றார். அவர் என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டாரா தெரியவில்லை. அந்தத் தொடரைப் பார்த்ததால் பிள்ளைக்கு அந்த ஆசை வந்ததா, இல்லை ஏற்கெனவே இருந்ததைச் சொல்ல அது ஒரு வழி கொடுத்ததா? முதலாவது என்றால் டீச்சரம்மா சரி, இரண்டாவது என்றால் அத்தான் சரி. நான் இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன்.

அன்றைக்குச் சாயந்திரம் அத்தான் மகளுக்குத் தானே போன் போட்டார். பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னார், ஒரு வார்த்தை குறைக்கவில்லை. பிறகு, "நீயும் அதைப் பாரும்மா. நான் பாத்ததுல ஒண்ணும் புரியல. உனக்குப் புரியுதா பாரு" என்றார். மகள் முதலில் சத்தம் போட்டாள். அப்புறம் லீவு நாளில் ஒரு பூங்காவில் உட்கார்ந்து, போனிலேயே தொடரைப் பார்த்திருக்கிறாள்.

அந்த ஞாயிறு அவள் முகம் திரையில் வந்ததும், சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. "ஏண்டி, அந்த மூஞ்சி உரியற எடத்துல நீ கண்ண மூடலயா?" என்றாள். சுவர்ப் பக்கம் நின்ற பிள்ளை திரும்பினாள். "நீ மூடினியா?" "மூடினேன். பக்கத்துல இருந்த பிலிப்பைன் அக்கா சிரிச்சிது." பிள்ளை போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் பர்மியத்தில் சரமாரியாகப் பேசினார்கள், சண்டைகூடப் போட்டார்கள். அந்த மெஷின் பாவமா, ஏமாற்றுக்காரியா என்று சண்டை. கடைசியில் மகள் தமிழுக்கு வந்தாள். "இனிமே நான்தான் முதல்ல பாப்பேன். நான் சொன்னாத்தான் நீ பாக்கணும்." "சரி." "அந்த மெஷின் தல பின்னினது உனக்குப் பிடிச்சுதா?" "ம்." அதற்குமேல் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. படம்தான் நின்றுவிட்டதா, இல்லை மகள்தான் அசையாமல் இருந்தாளா, எனக்குத் தெரியவில்லை. பிள்ளை போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கதை முடிவதற்குள் அத்தான் முடிந்துவிட்டார். மழை பிடிக்கிற நேரம், இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மகளால் வர முடியவில்லை. காரியம் நடக்கும்போது, அவள் பார்க்கட்டும் என்று பிள்ளைதான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலிக்கும், மாற்றிப் பிடி என்று சொன்னேன். மாற்றவில்லை.

பிறகு அம்மாவும் பிள்ளையும் மீதிப் பகுதிகளைத் தங்கள் ஏற்பாட்டின்படியே பார்த்து முடித்துவிட்டார்கள். நடுவில் சிலது அம்மா வேண்டாம் என்று நிறுத்தினாள், பிள்ளையும் கேட்டுக்கொண்டாள். கடைசிப் பகுதி நடந்தபோது நான் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், போனில் அவளும் பாயில் இவளுமாகக் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறார்கள். "என்ன ஆச்சு? அந்தக் கிரகத்துக்குப் போன அம்மா திரும்பி வந்துதா?" என்று கேட்டேன். நானாக வாய் திறந்து கேட்பது அபூர்வம். பிள்ளை போனைப் பார்த்தாள், மகள் பிள்ளையைப் பார்த்தாள். "சின்னம்மா, அது உங்களுக்கு வேணாம்" என்றாள் மகள். "உங்களால தாங்க முடியாது, சின்னம்மாயி. தாத்தா போய் இன்னும் ரொம்ப நாள் ஆகல. அப்புறம் காட்டுறேன்" என்றாள் பிள்ளை. பெரிய மனுஷி மாதிரி என் தோளைத் தட்டிவிட்டுத் தொலைக்காட்சியிலிருந்து அந்தக் குச்சியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

நான் எழுதியதில் பிசகு இருக்கும். அது கிரகமா நட்சத்திரமா, அறுக்கிற ஆட்கள் போலீஸா கம்பெனிக்காரர்களா, முதலில் கண்டுபிடித்தது அந்தப் பிள்ளையா வேறு யாராவதா, எனக்கு நிச்சயம் இல்லை. தொடரை முழுக்கப் பார்த்தவர் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள். ஆனால் அந்த அம்மா கடைசியில் வீடு வந்து சேர்ந்தாளா இல்லையா என்பதை மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம். பிள்ளையிடம் சொல்லுங்கள். அதை நான் எப்போது கேட்கலாம் என்று அவள் பார்த்துக்கொள்வாள்.