கீரை வடித்த தண்ணீர்

கிருமிகளுக்குச் சோறு போடுவதுதான் என் உத்தியோகம். சொன்னால் சிரிப்பார்கள். சுதந்திரம் வந்த சமயம் அது. திருச்சியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ரத்தம் ஊற ஃபோலிக் அமிலம் என்றொரு சத்து வேண்டும் என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். எந்த உணவில் அது எவ்வளவு இருக்கிறது என்று நிறுத்துப் பார்க்க முடியாது. பாக்டீரியாவை வைத்துத்தான் அளப்போம். மற்ற எல்லாச் சத்தையும் கொடுத்து, இதை மட்டும் கொடுக்காமல் பட்டினி போடுவோம். பிறகு, சோதிக்க வேண்டிய உணவின் சாற்றை அந்தக் குழாயில் ஒரு சொட்டு விடுவோம். சத்து இருந்தால் கிருமி பெருகி, மறுநாள் கண்ணாடிக் குழாய் கலங்கும். இல்லாவிட்டால் தெளிவாகவே நிற்கும். அந்தத் தெளிவு எனக்கு ஆகவே ஆகாது. உள்ளே ஏதோ வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பதாகத் தோன்றும்.

அந்த ஆடியில், குன்னத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவைப் பார்க்கப் போனேன். ஏழு மாதக் கர்ப்பம். முகம் வெளுத்து, நாக்கு மட்டும் சிவந்து, நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. இரும்பு டானிக் கொடுத்தும் பலனில்லை. இப்படியே போனால் பிரசவம் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, உங்கக்காவுக்கு முனி புடிச்சிருக்கு. வெளக்கு வெக்கிற நேரத்துல மாட்டுக் கொட்டாய்க்குப் போயி, கழுநீர்த் தொட்டில மூஞ்சிய வுட்டுக்கிட்டு நிக்கிறா. சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்."

நான் நம்பவில்லை. பொழுது சாயும்போது கொட்டகை ஓரமாக நின்றேன். அக்கா வந்தாள். எருமையை ஒதுக்கிவிட்டுத் தொட்டியில் குனிந்தாள். இரண்டு தலைகளும் பக்கத்தில் பக்கத்தில். உறிஞ்சுகிற சத்தத்தில் எது யாருடையது என்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுடா, தண்ணி குடிக்கிறேன்," என்றாள். சொல்லும்போதே மறுபடி குனிந்தாள்.

முனியையே நம்பாத படிப்பாளி நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைத்தெருவில் ஒரு பூட்டு வாங்கிவந்து கொட்டகைக் கதவில் போட்டேன். சாவியை மாமியாரிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை மாமியார் முருங்கைக்கீரையை வெகுநேரம் வேகவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்தார். சக்கையை அக்காவின் தட்டில் வைத்தார். தண்ணீரைக் கழுநீர்த் தொட்டிக்கு எடுத்தார்.

"புள்ளத்தாச்சிக்குக் கீரைத்தண்ணி பித்தம் தம்பி. நம்ம வூட்டுல எப்பவும் எருமைக்குத்தான்."

ஏதோ உறுத்தியது. சக்கையிலும் தண்ணீரிலும் கொஞ்சம் சூடாகவே சீசாக்களில் அடைத்து, மெழுகு வைத்து, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியில் சுற்றினேன். பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

சோதனை போட்ட மறுநாள் குழாய்களை எடுத்துப் பார்த்தேன். சக்கை விட்டவை ஏறக்குறையத் தெளிவாகவே நின்றன. வடித்த தண்ணீர் விட்டவை மோர் மாதிரி கலங்கியிருந்தன. பட்டினி கிடந்த கிருமிக்கு எது வேண்டியிருந்ததோ, அதைத் தேடித்தான் அக்கா கொட்டகைக்குப் போயிருக்கிறாள். நான் அதைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த பஸ்ஸிலேயே ஓடினேன். கொட்டகைக் கதவில் பூட்டைச் சுற்றி நகக் கீறல்கள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். விரல் நுனிகளில் ரத்தம் காய்ந்திருந்தது. குழாய் கலங்கிய கதையை மாமியாருக்குச் சொல்லி, கீரை வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுபோய் நீட்டினேன். மூச்சு விடாமல் குடித்தாள்.

"இதத்தானேடா குடிச்சிக்கிட்டிருந்தேன்," என்றாள்.

அன்று முதல் கீரைத்தண்ணீர் எருமைக்குப் போகவில்லை. புரட்டாசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அக்கா என்னிடம் நன்றாகத்தான் பேசினாள், சிரித்தாள். ஆனால் அதற்குப்பின், பூட்டுப் போட்ட என் கையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. டம்ளரைக் கீழே வைக்கச் சொல்வாள். நான் அந்த அறையை விட்டுப் போன பிறகுதான் எடுப்பாள்.