பருத்திக்கொட்டை யாருக்கு?

இன்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்தேன். எதிரே ஒரு புருஷன், பெண்டாட்டி. அந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். அதற்குள் முதுகு கூனியிருந்தது. கையில் புதுக் கட்டு.

"விழுந்துட்டியளா?" என்றேன்.

"விழலம்மா. பால் கறந்துட்டு, தரையில கைய ஊணி எந்திரிச்சேன். ஒடிஞ்சிருச்சு."

எதனால் இப்படி என்றேன்.

"பிள்ளை பெத்துப் பெத்தே எலும்புல சத்துப் போயிருச்சாம். தெனமும் பால் குடிக்கணும்னு டாக்டரம்மா சொல்லுதாவ."

புருஷன் சிரித்தார். "விக்கிற பால வீட்டுப் பொம்பள குடிச்சா வெளங்குமா?"

அவர் காலடியில் ஒரு மூட்டை இருந்தது. என்னவென்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது.

"பருத்திக்கொட்டை. மாடு கன்னு போட்டிருக்கு. ஒவ்வொரு ஈத்துக்கும் ஒடம்புல உள்ள சத்தெல்லாம் போயிரும்லா? கவனிக்காம விட்டா எலும்பு தாங்காது. வாயில்லாச் சீவன், நாமதான பாக்கணும்!"

அந்த அம்மாளுக்கு வாய் இருந்தது. ஊர் வந்து இறங்கும்வரை அதைத் திறக்கவில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் மூட்டை சாயாமல் நல்ல கையால் பிடித்துக்கொண்டார்.

உங்கள் வீட்டு மாடுகள் எல்லாம் சௌக்கியம்தானே?