பக்கத்து சீட்டுக்கு ஆள்

என் டயர் கடையை ஒட்டி, வண்டிக்கு நெளிவெடுக்கிற டிங்கர் அண்ணனோட பட்டறை. அவர் வீட்டுக்காரம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்த மனுஷன் வாயில இருந்து வார்த்தையைப் பிடுங்கத்தான் வேணும்.

அவர்கிட்ட ஒரு சின்ன கார் உண்டு. ரோட்டுல எங்க பார்த்தாலும் ஓடுற அதே மாடல். பின் சீட்டைக் கழட்டிட்டு, உள்ளே இரும்புக் குழாயில கூண்டு கட்டி, ராலி பந்தயத்துக்குன்னே மாத்தி வச்சிருந்தார். முன் சக்கரம் இழுக்கிற வண்டி. வருஷா வருஷம் இவர் ஓட்டுவார், பக்கத்து சீட்டுல அந்தம்மா உட்கார்ந்து வளைவு வளைவாச் சொல்லும். மிதின்னா மிதிப்பார், விடுன்னா விடுவார்.

இந்தத் தடவை மறுபடியும் ஓட்டணும்னு ஆசை வந்துட்டது. ராலியில ரெண்டு பேர் இல்லாத வண்டியைச் சேர்க்க மாட்டாங்க. என்னைக் கேட்டார். எனக்கு ஊஞ்சல்ல உட்கார்ந்தாலே குமட்டும். கடைசியில அவர் மச்சினன் வந்தான். லாரி டிரைவர்.

"ரோடெல்லாம் எனக்கு மனப்பாடம் மாமா. நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பிடிங்க."

கல்குவாரி மண்ரோட்டுல ஓட்டிப் பார்த்தாங்க. நான் வளைவுல நின்னேன். வேகமா வந்த வண்டியோட பின்பக்கம் லேசா வழுக்கிச்சு. லாரி வழுக்கினா ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்கணும், அடங்கிடும். இந்த வண்டிக்கு நேர்மாறு. மிதிக்கணும். மிதிச்சா முன் சக்கரம் இழுத்து நேராக்கிடும். டிங்கருக்கு இது தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"காலை எடுங்க மாமா!"

அவன் கத்தினது எனக்கே கேட்டது. டிங்கர் எடுத்துட்டார். வண்டி பம்பரமாச் சுத்தி மண்மேட்டுல போய் இடிச்சுது.

நல்லவேளை, ரெண்டு பேருக்கும் கீறல்கூட இல்லை. எனக்குத்தான் ஆத்திரம். "அவன் லாரிக்காரன், பழக்கத்துல கத்திட்டான். உங்களுக்கு எங்கேண்ணே போச்சு புத்தி?"

சட்டையில இருந்த மண்ணைத் தட்டிக்கிட்டே சொன்னார்: "பக்கத்துல இருந்து குரல் வந்துச்சு. எடுத்துட்டேன்."

மச்சினன் முகம் சுருங்கிப்போச்சு. "ராலி அன்னைக்கு நான் வாயே திறக்க மாட்டேன் மாமா. மூட்டை மாதிரி உட்கார்ந்து வர்றேன்."

"பேசாம உட்கார்ந்திருக்க வீட்ல நாலு நாற்காலி இருக்கு மாப்ள," என்றார் டிங்கர்.

வண்டியை நெளிவெடுத்து பெயின்ட்கூட அடிச்சிட்டார். ஆனா ராலிக்குப் பேரைக் கொடுக்கலை.

ராலி வண்டிங்க எங்க தெருமுனை வழியாத்தான் போச்சு. டிங்கர் யாரோட வேன் கதவையோ மடியில வச்சுத் தட்டிக்கிட்டிருந்தார்.

"சத்தம் கேக்குதே, போய்ப் பார்ப்போமாண்ணே?"

"எனக்கொண்ணும் கேக்கலை," என்றார். ஆனா அவர் தட்டுறதை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.